கறுப்பு அட்டைக்குள் போன அழுகை

கோவிலில் மூவேளை செப மணி அடித்து, வீட்டுக்கு வீடு செபமாலை முடிந்து, கயிற்றுக்கிடங்குத் தெருவில் மீன் பொரித்த வாடை மெல்ல அடங்கிக்கொண்டிருந்த அந்த இருட்டு நேரத்தில் ஒரு சத்தம் கேட்டது. அதைக் கேட்ட டீக்கடை ரபேல் அண்ணன் துறைமுகத்தில் ஏதோ கப்பலின் சங்கு சிக்கிக்கொண்டு அலறுகிறது என்றார், பக்கத்து வீட்டுச் சந்தனமேரி யாரோ வீட்டு ஆடு கம்பிக் கதவுக்குள் தலையை விட்டுக்கொண்டது என்றாள், கல்யாணத்துக்கும் சாவுக்கும் பேண்டு வாசிக்கிற ஆள் ஒருவர் எவனோ குடிகாரன் வாத்தியத்தைத் தலைகீழாகப் பிடித்து ஊதுகிறான் என்று சொல்லிவிட்டுத் தன் வாத்தியம் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதா என்று போய்ப் பார்த்துக்கொண்டார். அவரவர் சொன்னதை அவரவர் கையில் பிடித்துக்கொண்டு எல்லாரும் வந்து நின்றது கிளமெண்ட் வீட்டு வாசலில். ஏனென்றால் சத்தம் அங்கேயிருந்துதான் வந்தது.

உள்ளே கூடத்தில் கிளமெண்டின் மனைவி டெக்லா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். ஐந்து மாதப் பிள்ளை ஜெம்மா வாயைத் திறக்க முடிந்த மட்டும் திறந்து, முகம் சிவந்து, கையை முறுக்கிக்கொண்டு அழுதுகொண்டிருந்தது. ஆனால் அந்த வாயிலிருந்து சத்தம் என்று ஒன்றும் வரவில்லை. மூலையில் மேசைமேல் கிளமெண்டின் இசைத்தட்டுப் பெட்டி யாரும் தொடாமலே சுற்றிக்கொண்டிருந்தது. பிள்ளை இழுத்து மூச்சு வாங்கினால் பெட்டியும் மூச்சு வாங்கியது, பிள்ளை வீறிட்டால் பெட்டியின் இரண்டு ஒலிபெருக்கியிலும் சாக்ஸபோன் வீறிட்டது.

பார்த்தவர்கள் யாரும் சிலுவை போட்டுக்கொள்ளவில்லை. சந்தனமேரி மட்டும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "பிள்ளைக்குப் பசிக்கி போலுக்கு. முதல்ல பாலைக் குடுட்டி" என்றாள். டெக்லா உட்கார்ந்து பால் கொடுத்தாள். இரண்டு மிடறு இறங்கியதும் பெட்டி நின்றது, ஊசிக் கை தானாக எழுந்து தன் இடத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. எல்லாரும் வீட்டுக்குப் போய் மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார்கள்.

அதற்குச் சற்று முன்னால் நடந்தது டெக்லாவுக்கு மட்டும்தான் தெரியும். அல்லது அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள். அன்று மத்தியானம் தொடங்கிய அழுகை. வயிற்றில் பெருங்காயம் உரைத்துப் பூசியாகிவிட்டது, வெற்றிலையை வாட்டிப் போட்டாகிவிட்டது, கழுத்தில் கிடந்த புனிதர் அருளிக்கத்தைக் கழற்றித் தலையைச் சுற்றி முத்தமிட வைத்தாகிவிட்டது, தோளில் போட்டு நடந்து நடந்து முழங்கால் விட்டுப்போனது. கிளமெண்ட் கப்பலின் எஞ்சின் அறையில் எங்கேயோ ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டிருந்தான். மாமியார் இல்லை, அம்மா மணப்பாட்டில், தங்கச்சி கல்யாண வேலையில். விளக்கு வைக்கிற நேரத்துக்கு டெக்லா பிள்ளையை உள்ளறையில் தொட்டிலில் போட்டாள். ஒரு காலத்தில் மாமனார் கருவாடு அடுக்கிய அறை அது, பூனை நுழையாமல் இருக்கத் தாழ்ப்பாளை வெளியே வைத்திருந்தார்கள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளைத் தள்ளினாள். அழுகை கதவு வழியாகவும் வந்தது. அப்போதுதான் அவள் கிளமெண்டின் இசைத்தட்டுகளுக்குள் கையை விட்டு, இருப்பதிலேயே பெரிய சத்தம் என்று அவன் சிரித்துக்கொண்டே காட்டியிருந்த கறுப்பு அட்டையை உருவி, தட்டைப் போட்டு, குமிழைக் கடைசி வரைக்கும் திருகினாள். "எங்கயாவது போயித் தொலையட்டும் இந்த அழுகை" என்று வாய்விட்டே சொன்னாள். பிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, நாத்தனார் கொண்டுவந்த மக்ரூன் டப்பாவைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து வாயில் கரைய விட்டாள். அந்த இனிப்பை அவள் ரசித்துத் தின்றாள். அதுதான் பின்னால் அவளை விடாமல் அறுத்தது.

தட்டு ஒரு பக்கம் முடிந்து ஊசி வெறுமனே கரகரத்துக்கொண்டு கிடந்தபோது அவள் எழுந்து, பெட்டியை அணைத்துவிட்டுப் போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள். ஜெம்மா அப்போதும் அழுதுகொண்டுதான் இருந்தது. சத்தம் கேட்கவில்லை. தட்டுப் போட்ட போடில் தன் காதுதான் அடைத்துவிட்டது என்று டெக்லா முதலில் நினைத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்ததும் பெட்டி தானாகச் சுற்றத் தொடங்கியது.

ஒரு தெருவுக்குப் பழகிப்போக எவ்வளவோ இருக்கிறது. உப்பளத்துக் காற்று, அனல்மின் நிலையத்துச் சாம்பல், விடியுமுன் படகு கிளப்புகிற சத்தம். அதோடு ஜெம்மாவின் அழுகையும் சேர்ந்துகொண்டது. கொஞ்ச நாளில் டெக்லாவைவிடத் தெருவுக்கு அது நன்றாகப் பிடிபட்டது. சாக்ஸபோன் அடித்தொண்டையில் உறுமினால் பசி, தாளத்தட்டுகள் சலசலத்தால் துணி நனைந்திருக்கிறது, ட்ரம்பெட் படி ஏறுகிற மாதிரி ஏறிப் பாதியில் நின்றால் வயிற்றில் காற்று, பெரிய பிடில் ஒன்று மட்டும் கனத்துப்போய் நடந்தால் தூக்கம். டெக்லா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருப்பாள், தெருவில் போகிற யாராவது சன்னலில் தட்டி, "ஏட்டி, தட்டு சலசலக்கு, துணி மாத்து" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ரபேல் அண்ணன் கடை பெஞ்சு இரண்டையும் அந்த வீட்டைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். மீன் ஏலம் முடிந்து வருகிறவர்கள் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டே, "இன்னைக்குக் கொஞ்சம் கோவமா இருக்கா" என்பார்கள். "பல்லு முளைக்கப் போவுது, அதான்" என்பார் இன்னொருவர். பேண்டுக்காரர் மட்டும் தினமும் வந்து தலையைக் கையில் தாங்கிக் கேட்டுவிட்டு, "இதுல தொடக்கமும் தெரியல, முடிவும் தெரியல. நடுவுல நம்மளக் கொண்டு விட்டுட்டுப் போயிருதா" என்று பெருமூச்சு விட்டார்.

"பிறந்த பிள்ளைட்ட கல்யாணப் பாட்டா கேப்பியரு?" என்று ரபேல் அண்ணன் கேட்டார்.

பங்குச் சாமியார்கூடக் கோவிலில் அறிவிப்பு வாசிக்கும்போது, தனக்கு அதில் ஆட்சேபம் ஒன்றும் இல்லை, நடுப்பூசை நேரத்தில் மட்டும் பிள்ளைக்கு முன்கூட்டியே பால் கொடுத்துவிட்டால் நல்லது என்று சொல்லி அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

டெக்லாவுக்குத் தாங்க முடியாமல் போனது பாராட்டுதான். பஸ்ஸில், கோவிலில், தடுப்பூசி போடுகிற வரிசையில், மற்றப் பிள்ளைகள் அலறிக்கொண்டிருக்க ஜெம்மா மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடும். "தங்கமான பிள்ளை, சத்தமே இல்ல. குடுத்து வச்சவட்டி நீ" என்று பெண்கள் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்துக்கொள்வார்கள். ஊசி போட்ட டாக்டரிடம் டெக்லா தயங்கித் தயங்கிச் சொன்னாள். அவர் டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு. அழலைன்னு வருத்தப்படுற முதல் அம்மா நீங்கதான்" என்று சிரித்தார்.

அவள் படித்த கான்வென்டிலிருந்து சிஸ்டர் யூஸ்டேசியா ஒரு நாள் பிள்ளை பார்க்க வந்தார். அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது: வாரம் முழுக்க வகுப்பில் வாய் திறக்காத பெண்ணுக்கு வெள்ளிக்கிழமை அசெம்பிளியில் நீல ரிப்பனில் கோத்த ஒரு பித்தளை வில்லையை நெஞ்சில் குத்திவிடுவார்கள். மௌன வில்லை என்று பெயர். மற்றப் பெண்களுக்கு அது எப்போதாவது கிடைக்கும், டெக்லாவுக்கு அது சீருடையோடு சேர்ந்த ஒன்றாகவே ஆகிவிட்டிருந்தது. சிஸ்டர் ஜெம்மாவின் மோவாயைத் தொட்டு, "அப்படியே உன்னை மாதிரிம்மா. நீயும் உதட்டுல விரல் வச்சா வச்சதுதான்" என்றார். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் மேசை மூடியில் விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனபோதுகூடச் சத்தம் போடாமல் மணி அடிக்கும் வரைக்கும் உட்கார்ந்திருந்ததும், அதற்காகக் கைதட்டல் வாங்கியதும், அந்தக் கைதட்டலில் வலி எங்கே போனது என்று தேடியதும் டெக்லாவுக்கு ஞாபகம் வந்தது. சிஸ்டர் கொண்டுவந்த கேக்கை அவளால் விழுங்க முடியவில்லை.

அப்புறம் அந்த மத்தியானம். ஊருக்கெல்லாம் மின்சாரம் தயாரித்து அனுப்புகிற அந்த ஊரில் மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். டெக்லா ஜெம்மாவைத் தொட்டிலில் தூங்கப் போட்டுவிட்டு, கரண்ட் இல்லாத வெயிலில் கொல்லையில் அரிசியைக் காயப்போட்டு, கிளறி, காக்காய் விரட்டி, நிழலில் கொஞ்சம் காலை நீட்டி உட்கார்ந்து, ஆகா என்ன அமைதி என்று கண்ணையும் மூடினாள். உள்ளே போனபோது தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. பால் சிந்திய துணியில் கட்டெறும்பு ஏறி, பிள்ளையின் தொடையெல்லாம் தடித்துக் கிடந்தது. முகம் நீலம் பாய்ந்து, கண்ணீர் வழிந்து காதுக்குள் தேங்கி, வாய் மட்டும் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமோ. பெட்டியில் கரண்ட் இல்லை. தெருவில் ஒருவருக்கும் கேட்கவில்லை. டெக்லா எறும்பை ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுக்கும்போது அதுவரை வராத அழுகை அவளுக்கும் வந்தது. அவளும் சத்தமில்லாமல்தான் அழுதாள், பழக்கம் அப்படி.

இப்படியே விட்டால் இந்தப் பிள்ளைக்கு ஒரு நாள் என்ன ஆனாலும் தெரியாது. அது அவளுக்கு அன்றைக்கு நிச்சயமாயிற்று. அழுகை எங்கே இருக்கிறது என்றும் அவளுக்குத் தெரியும். வேறு தட்டைப் போட்டுப் பார்த்திருக்கிறாள், ஜெம்மா அழுதால் அது சுற்றாது, கறுப்பு அட்டைத் தட்டு மட்டும்தான் சுற்றும். கேட்கமாட்டேன் என்று தான் அனுப்பிவிட்ட அழுகை, கேட்டால்தானே திரும்பி வரும் என்று அவளுக்குத் தோன்றியது. பிள்ளை தூங்கும்போது அந்தத் தட்டைத் தானே போட்டு உட்கார்ந்து பார்த்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள், உடைத்தார்கள், ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவள் அடுக்களையில் நிற்கிறாள். எழுந்ததும் நடந்ததும் அவளுக்கே தெரியவில்லை. கால்கள் கொண்டுபோய் விட்டிருந்தன. மறுபடி போட்டாள். மறுபடி அடுக்களை.

அதனால் அவள் கிளமெண்டுக்குச் செய்தி அனுப்பினாள். "உங்க தட்டுகளைக் கேக்கலாம்னு இருக்கேன். எதுல இருந்து தொடங்கணும்?"

கப்பல் ஏதோ துறைமுகத்தை ஒட்டியதும் பதில் குரலாக வந்தது, பின்னால் எஞ்சின் இரைச்சலோடு. கல்யாணமான நாளிலிருந்து இந்தத் தட்டுகளைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கிற மனைவி கேட்டுவிட்டாள் என்பதில் அவனுக்குப் பேச்சு குழறியது. "ஏட்டி, நிசமாவா கேக்க? எதுக்குத் திடீர்னு? சரி, அத விடு. பச்சை அட்டை ஒண்ணு இருக்கும், கண்ணை மூடுன ஒரு ஆளு படம். அதுல தொடங்கு. மூணே பேரு வாசிப்பாங்க. முதல்ல ஒரு மெட்டு வரும், அப்புறம் அதை விட்டுட்டு வெளிய போயிருவாங்க. பயப்படாத. கடைசில அதே மெட்டுக்குத் திரும்பி வருவாங்க. இந்தக் கட்டில்லாத ஜாஸுக்கு அதான் வாசப்படி. போறவங்க திரும்பி வருவாங்கன்னு முதல்ல நம்பிக்கை வரணும்."

அவளுக்கு அவனிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவனுடைய சந்தோசத்தைக் கேட்கக் கேட்க உடம்பு கூசியது. பச்சை அட்டையைப் போட்டாள். மெட்டு வந்தது, போனது. போன பிறகு அவள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு காத்திருந்தாள். கோவில் வாசலில் தொலைந்த பிள்ளையைத் தேடுகிறவள் மாதிரி ஒவ்வொரு சத்தத்தையும் இதுவா, இதுவா என்று பார்த்தாள். மெட்டு திரும்பி வந்தபோது முறுக்கிய தலைப்பைக் கைவிட்டாள்.

அடுத்த செய்தி வேறு கடலிலிருந்து வந்தது. "இப்ப மஞ்சள் அட்டை. ஒரே ஆளு, தனியா. மெட்டு கிடையாது, தாளம் கிடையாது. மெட்டைத் தேடுனேன்னா தலைவலிதான் மிஞ்சும். மூச்சைக் கேளு. வாத்தியத்துக்குள்ள காத்து போற சத்தம், பொத்தானை அமுக்குற சத்தம், எச்சில் சத்தம், எல்லாம் கேக்கும். அதெல்லாம் தப்புன்னு நினைச்சிராத, அதுதான் வாசிப்பு." டெக்லா கேட்டாள். அந்த ஆள் ஊதுவதற்கு முன்னால் ஒரு சின்ன விக்கல் மாதிரி மூச்சை இழுப்பது அவளுக்குத் தெரிந்த மூச்சாக இருந்தது. ஜெம்மா அழுகைக்கு முன்னால் உதட்டைப் பிதுக்கி இழுக்கிற மூச்சு. இத்தனை மாதம் அதை அவள் கேட்டதே இல்லை.

பிறகு ஆலங்கட்டி மழை தகரத்தில் விழுகிற மாதிரி ஒரு பியானோ. பிறகு வயலின்கள் தங்களுக்குள் வாக்குவாதம் பண்ணுகிற ஒன்று. "நிறைய பேரு ஒரே நேரத்துல வாசிச்சா ஏலக்கூடத்துல நிக்கிற மாதிரி நில்லு" என்றான் கிளமெண்ட். "ஏலத்துல எல்லாச் சத்தத்தையுமா கேக்க? நம்ம படகுப் பேரைச் சொல்லுத ஒரு குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான நிக்கோம். மத்ததெல்லாம் தானா அதைச் சுத்தி வந்து நிக்கும். ஒரு பக்கம் மட்டும் கேட்டுட்டு எந்திரிச்சிரு. மறுநாள் அதே பக்கத்தைத் திரும்பக் கேளு, புதுசா இருக்கும்." அவளுக்கு அது பிடிக்கத் தொடங்கியது. பிடிக்கிறது என்று தெரிந்ததும் அதுவே இன்னொரு குற்றமாக வந்து உட்கார்ந்தது. பெற்ற பிள்ளையின் சத்தத்தைத் தொலைத்துவிட்டு, தட்டு போட்டுக் கேட்டு ரசிக்கிறவள் என்று தன்னையே திட்டிக்கொண்டு, திட்டிக்கொண்டே ஊசியை மறுபடி முதலில் வைத்தாள்.

கடைசியாக அவள் கேட்டாள்: "கறுப்பு அட்டை?"

பதில் வர நாளாயிற்று. "அதை மட்டும் தொடாத. அதுல தொடங்குனவன் அப்புறம் எதையுமே கேக்க மாட்டான். நானே இன்னும் முழுசாக் கேக்கல, பாதியில எந்திரிச்சு வெளிய போயிருவேன். ஆனா மறுபக்கத்துல ஒரு இடம் இருக்காம். அத்தனை பேரும் வாசிச்சு வாசிச்சு ஓஞ்சு, ஒண்ணுபோல மூச்சு விடுத இடமாம். தட்டைக் குடுத்த பிலிப்பைன்ஸ்காரன் சொன்னான். அதுவரைக்கும் உக்காந்திருந்தா போதுமாம்." கடைசியில், "பாப்பா அழுத சத்தத்தை ஒருக்கா அனுப்பேன். போன்ல ஒரு நாளும் கேக்கலையே" என்றான். டெக்லா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

இதற்குள் செய்தி அடுத்த தெருக்களுக்கும் போயிருந்தது. தூக்கமில்லாத தாய்மார்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, எதையோ வாங்க வந்த மாதிரி வாசலில் நின்று, "என்ன செஞ்ச, எங்களுக்கும் சொல்லேன்" என்று கேட்டார்கள். டெக்லா ஒன்றும் செய்யவில்லை என்றாள். அவர்கள் நம்பவில்லை. சந்தனமேரி ஒரு மத்தியானம் சுற்றி வளைக்காமல் உள்ளேயே வந்துவிட்டாள். அவள் இடுப்பில் எட்டு மாதச் சவரி வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அவள் கண்ணுக்குக் கீழே கரி பூசிய மாதிரி இருந்தது.

"உள்ளறையைத் திற" என்றாள்.

"எதுக்குக்கா?"

"எம்பிள்ளையையும் உள்ள போடுதேன். நீ தட்டைப் போடு, சத்தமா."

டெக்லா உள்ளறைக் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "என்னக்கா சொல்லுதிய?"

"நடிக்காதட்டி. உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒரே சுவரு. அன்னைக்குத் தாழ்ப்பாள் விழுந்தது எனக்குக் கேட்டுச்சு. தட்டுப் போட்டதும் கேட்டுச்சு. நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். எனக்கும் ஒரு ராத்திரித் தூக்கம் வேணும், அம்புட்டுதான்."

இத்தனை நாளாக யாராவது கண்டுபிடித்துக் காறித் துப்புவார்கள் என்று டெக்லா பயந்திருந்தாள். கண்டுபிடித்தவள் கை நீட்டி அதையே கேட்பாள் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை. துப்பியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று பட்டது.

"வேண்டாங்க்கா. எறும்பு கடிச்சாக்கூடத் தெரியாது. அதுக்கு என்னன்னே தெரியாது."

"நீ மட்டும் நிம்மதியா இருக்கலாம், நாங்க சாவணும். அப்படித்தான?"

"நான் நிம்மதியா இல்லக்கா."

சந்தனமேரி உள்ளறைக் கதவையும் அதன் தாழ்ப்பாளையும் பார்த்தாள், டெக்லா அதன் குறுக்கே நிற்பதையும் பார்த்தாள். சவரியை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "நாளைக்கு உன் வாசல்ல வந்து கேட்ட பொம்பளையளையும் கூட்டிட்டு வாரேன். அவளுவட்டயும் முடியாதுன்னு சொல்லு, பாப்பம்" என்று போய்விட்டாள்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் டெக்லா கிளமெண்டின் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்து, உள்ளறைக் கதவுக்கு வெளியே இருந்த தாழ்ப்பாளைக் கழற்றினாள். மாமனார் காலத்து இரும்பு, உப்புக்காற்றில் துருப்பிடித்துக் கதவோடு ஒட்டியிருந்தது. எண்ணெய் விட்டு, தட்டி, உள்ளங்கை சிவக்கத் திருகி எடுத்து, அதே தாழ்ப்பாளைக் கதவின் உள்பக்கம் வைத்து முடுக்கினாள். பழகாத கை, கோணலாகத்தான் உட்கார்ந்தது. தள்ளிப் பார்த்தாள், பாதிக்கு மேல் போகவில்லை. வெளிப்பக்கம் கதவில் ஆணிப் பொத்தல்கள் வரிசையாக விழித்துக்கொண்டு கிடந்தன. பிறகு இசைத்தட்டுப் பெட்டியையும் ஒலிபெருக்கிகளையும் உள்ளே தூக்கிக்கொண்டு போனாள், வயரைக் கதவுக்கு அடியில் விட்டு இழுத்தாள், ஜெம்மாவைக் கொண்டுபோய்த் தொட்டிலில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கதவைச் சும்மா சாத்தி வைத்தாள். பிள்ளை அழட்டும் என்று காத்திராமல் கறுப்புத் தட்டைத் தானே போட்டாள்.

பத்துப் பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்தார்கள். ஜெம்மா திடுக்கிட்டு வாயைத் திறந்தது. டெக்லா ஏலக்கூடத்தில் நிற்கிற மாதிரி நின்றாள். உட்கார்ந்திருந்தாலும் மனத்துக்குள் நின்றாள். இரைச்சலுக்குள் ஒரு குரலைத் தேடினாள், தவறவிட்டாள், மறுபடி தேடினாள். கால்கள் துடித்தன. அடுக்களையில் மக்ரூன் டப்பா இருக்கிற அலமாரி அடுக்கு எது என்றுகூட அவளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. தொடையில் பிள்ளையின் கனம் இருந்ததால் எழவில்லை. ஒரு பக்கம் முடிந்தது. அன்று அவள் மக்ரூன் தின்றுகொண்டே ஓட விட்ட பக்கம் அதுதான். மறுபக்கத்தைத் திருப்பிப் போடும்போது ஊசி ஒரு கீறல் கீறியது.

மறுபக்கத்தில், எல்லாச் சத்தத்துக்கும் அடியில், சின்னதாக, உதட்டைப் பிதுக்கி இழுக்கிற அந்த மூச்சு கேட்டது. டெக்லா அதைப் பிடித்துக்கொண்டாள். அது போகிற இடமெல்லாம் போனாள். அது பசியாக இருந்தது, ஈரமாக இருந்தது, எறும்பாக இருந்தது, இருட்டில் சாத்திய கதவாக இருந்தது, கதவுக்கு அப்பால் யாரும் வராததாக இருந்தது. அந்தக் கடைசியில் வந்ததும் அவளுக்கு எழுந்து ஓடவேண்டும் போல இருந்தது. அவள் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. கிளமெண்ட் சொன்ன இடம் வந்துவிட்டதா என்று அவள் காதைத் தீட்டியபோது, அத்தனை பேரும் ஒன்றுபோல ஒரு மூச்சு விட்டார்கள்.

கரண்ட் போனது.

தட்டு சுற்றுக் குறைந்து, முனகி, நின்றது. தெரு முழுக்க மின்விசிறிகள் ஓய்கிற சத்தம் கேட்டது. எங்கும் இருட்டு. அந்த இருட்டில் அழுகை நிற்கவில்லை. வாத்தியம் இல்லாத, தாளம் இல்லாத, மெல்லிசான, கரகரத்த, பச்சைப் பிள்ளை அழுகை. டெக்லாவின் மடியிலிருந்து வந்தது.

தெருவுக்கு அந்தச் சத்தம் புதிதாக இருந்தது. "என்னது அது, பூனையா?" என்று ரபேல் அண்ணன் கேட்பது காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் காலடிகள், கையில் பிடித்த போன் வெளிச்சங்கள், கூடத்தில் ஆட்கள். சந்தனமேரியின் குரல்தான் முதலில் கதவருகே வந்தது. அதில் நேற்றைய கோபம் இல்லை. "ஏட்டி டெக்லா, பிள்ளை அழுவுதுட்டி. உள்ள என்ன செய்யுத? திற. எங்கிட்ட குடு, நான் பாத்துக்கிடுதேன். நீ போயிச் செத்த படு."

"கரண்ட் இல்லாமலே அழுவுதே, உடம்புக்கு என்னமோ" என்றாள் இன்னொருத்தி. கதவை யாரோ லேசாகத் தள்ளினார்கள்; ஒரு கோடு வெளிச்சம் உள்ளே விழுந்தது.

டெக்லா எழுந்தாள். பிள்ளையைத் தோளில் போட்டாள். அழுகை அவள் காதுக்குள்ளேயே விழுந்தது, எச்சிலும் சூடுமாக, நடுவில் தட்டோ சுவரோ கதவோ எதுவும் இல்லாமல். வெளியே அத்தனை கைகள் நீண்டிருந்தன, கொடுத்துவிட்டால் போதும், அடுக்களைக்கு வழி தெரிந்த கால்கள் கதவை நோக்கி நடந்தன. அவளும் அவற்றோடு நடந்தாள். கதவுக்கு வந்ததும் தோளால் அதை அழுத்திச் சாத்தினாள்.

"செத்த நேரம் இருங்கக்கா" என்றாள். "எங்கிட்டத்தான் அழுவுதா. நான் கேட்டுக்கிடுதேன்."

கோணலாக நின்ற தாழ்ப்பாள் பாதியில் மக்கர் பண்ணியது. அவள் கதவைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, உள்ளங்கையால் ஓங்கித் தள்ளினாள். வெளியே நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி அது உள்ளேயிருந்து விழுந்தது.